பெருங்குடல் புற்றுநோய்: ஆபரேஷனுக்கு முந்தைய ஸ்கேனை எப்படி எடுப்பது, எவ்வளவு நம்புவது

அப்பாவுக்கு 67 வயது. பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டு பகுதியில் கட்டி. பயாப்ஸி முடிவு கைக்கு வந்த நாளுக்கும் ஆபரேஷன் நடந்த நாளுக்கும் இடையே 31 நாட்கள். அதில் 12 நாட்களை எங்கள் அறியாமைக்குக் கொடுத்தோம். ஒரே ஸ்கேனை இரண்டு முறை எடுத்தோம். வேண்டாத இடத்துக்கெல்லாம் பஸ் ஏறினோம். ரிப்போர்ட்டில் இருந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அம்மா இரண்டு நாள் அடுப்பே பற்றவைக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து பார்த்தால் அந்த வரி தவறு.

நான் மருத்துவர் அல்ல. வங்கியில் கணக்கு பார்ப்பவள். அதனால் ஒவ்வொரு ரசீதையும், தேதியையும், எண்ணையும் குறித்து வைத்திருந்தேன். அடுத்து இந்த வழியில் போகிறவர்களுக்கு அந்தக் குறிப்பேடு உதவும் என்றுதான் எழுதுகிறேன். தஞ்சை, திருச்சி வட்டாரத்தில் நாங்கள் பார்த்ததே இதில் அதிகம். சிகிச்சை முடிவை உங்கள் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்பதற்குத்தான் இது.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் இருந்தால் குடல் அடைத்துக்கொண்டிருக்கலாம். அப்போது கீழே உள்ள எந்தப் படியும் உங்களுக்கு இல்லை. நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலும் அப்படியே.

1. கட்டி இருப்பது பெருங்குடலிலா, மலக்குடலிலா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். இரண்டுக்கும் ஸ்கேன் வேறு. பெருங்குடல் என்றால் சி.டி. ஸ்கேன்தான் முதன்மை. ஆசனவாயிலிருந்து ஏறக்குறைய 15 சென்டிமீட்டருக்குள் இருக்கும் மலக்குடல் கட்டிக்கு சி.டி.யோடு இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ.யும் வேண்டும். அங்கே ஆபரேஷனுக்கு முன்பே கதிர்வீச்சு கொடுப்பதா என்பதை அந்த எம்.ஆர்.ஐ.யை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) ரிப்போர்ட்டில் 'ரெக்டோசிக்மாய்டு' என்று எழுதியிருந்தால் அது எல்லைக்கோட்டில் இருக்கும் கட்டி. எம்.ஆர்.ஐ. தேவையா என்று வாய் திறந்து கேளுங்கள்.

குழாய் வளைந்து நெளிந்து போவதால், கொலோனோஸ்கோப்பி சொல்லும் சென்டிமீட்டர் கணக்கைப் பெருங்குடலில் அப்படியே நம்ப முடியாது. 40 சென்டிமீட்டரில் இருப்பதாக எழுதப்பட்ட கட்டி, வயிற்றைத் திறக்கும்போது வேறு வளைவில் இருக்கக்கூடும். சிறிய கட்டி என்றால், குடல் சுவரில் மை ஊசி போட்டு அடையாளம் வைத்தார்களா என்று கேளுங்கள். துளைவழி ஆபரேஷனில் கையால் தடவிப் பார்க்க வழி இல்லாததால் சர்ஜன் அந்த மையைத்தான் தேடுவார்.

இன்னொன்று. குழாய் கட்டியைத் தாண்டிப் போனதா? அப்பாவுக்குப் போகவில்லை. குடல் அவ்வளவு குறுகியிருந்தது. அதற்கு அப்பால் உள்ள குடலை யாரும் பார்க்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள். நூறு பேரில் சிலருக்கு அதே நேரத்தில் இரண்டாவது கட்டியும் இருப்பதுண்டு. 'முழுமை பெறவில்லை' என்று கொலோனோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் இருந்தால் அதை ஸ்கேன் மையத்திலும் சர்ஜனிடமும் சொல்லுங்கள். சி.டி. கொலோனோகிராஃபி என்று ஒரு வகை ஸ்கேன் இருக்கிறது, அது பொருந்துமா என்று பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் ஆபரேஷன் முடிந்து சில மாதங்களில் மீதிக் குடலைப் பார்த்துவிடுவார்கள்.

2. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்

எங்கள் 12 நாட்கள் தொலைந்த இடம் இதுதான். முதலில் பார்த்த மருத்துவர் அவசரத்தில் 'சி.டி. வயிறு' என்று மட்டும் கிறுக்கிக் கொடுத்தார். ஸ்கேன் மையத்தில் கான்ட்ராஸ்ட் (உறுப்புகளைப் படத்தில் துலக்கிக் காட்டும் மருந்து) இல்லாமல் வயிற்றை மட்டும் எடுத்துக் கொடுத்தார்கள். 3,800 ரூபாய். அதைத் தூக்கிக்கொண்டு சர்ஜனிடம் போனால், பார்த்த நிமிடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் சொல்ல முடியாது, அம்மா" என்றார்.

சீட்டில் இருக்க வேண்டியவை இவை: மார்பு, வயிறு, இடுப்பு மூன்றும், இரத்தக் குழாய் வழியாகக் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி, காரணம் என்ற இடத்தில் 'பெருங்குடல் புற்றுநோய், ஆபரேஷனுக்கு முன் நிலை அறிய' என்ற குறிப்பும், கட்டி இருக்கும் இடமும். இந்தக் கடைசிக் குறிப்பை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து படம் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் வேறு, 'வயிற்று வலி' என்ற இரண்டு சொல்லை மட்டும் வைத்துப் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் வேறு.

மார்பு எதற்கு என்று அப்பாவும் கேட்டார். இந்த நோய் பரவினால் பெரும்பாலும் முதலில் போவது கல்லீரலுக்கு, அடுத்தது நுரையீரலுக்கு. கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தில் கல்லீரலில் உள்ள சிறு புள்ளி கல்லீரலோடு கலந்து மறைந்துவிடும்.

3. பையில் இருக்க வேண்டியவை

கொலோனோஸ்கோப்பி ரிப்போர்ட், பயாப்ஸி ரிப்போர்ட், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை, பழைய ஸ்கேன்கள், தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், ஆதார், காப்பீட்டு அட்டை. எல்லாவற்றிலும் இரண்டு நகல்.

கிரியாட்டினின் புதிதாக இருக்க வேண்டும். ஆறு மாதப் பழைய சீட்டைக் காட்டினால் திருப்பி அனுப்புவார்கள். கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சி.இ.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை ஸ்கேனுக்குத் தேவையில்லை, ஆனால் ஆபரேஷனுக்கு முன் ஒருமுறை எடுத்தே ஆக வேண்டும். பின்னாளில் நோய் திரும்புகிறதா என்று பார்க்க அந்த முதல் எண்தான் அளவுகோல். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊசியில் இரத்தம் கொடுத்துவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் கவனம். ஆதாரில் இனிஷியல் முன்னால், பயாப்ஸியில் பின்னால், ஸ்கேன் ரசீதில் இனிஷியலே இல்லை, வயது ஓரிடத்தில் 67, இன்னோரிடத்தில் 65. நமக்கு இது சாதாரணம். காப்பீட்டு அலுவலகத்துக்கு அது மூன்று வெவ்வேறு மனிதர்கள். முதல் ரசீது போடும்போதே ஆதாரைக் கையில் கொடுத்து, அதில் உள்ளபடியே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்.

காசநோய்க்கு எப்போதாவது மருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள். நம் ஊரில் இது முக்கியம். பழைய காசநோய்த் தழும்பு நுரையீரலில் புள்ளியாகத் தெரியும், வயிற்றில் நெறிக்கட்டிகளாகத் தெரியும். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் காசநோய் வந்தால் அது புற்றைப் போலவே வேடம் போடும்.

4. பணம்

எங்களுக்கு ஆனதை மட்டும் சொல்கிறேன். முதல் வீண் ஸ்கேன் 3,800. சரியான ஸ்கேன், அதாவது மூன்று பகுதியும் கான்ட்ராஸ்டுடன், 9,500. அதே ஸ்கேனுக்கு வேறு இரண்டு தனியார் மையங்களில் 8,000 என்றும் 13,000 என்றும் சொன்னார்கள். தொலைபேசியில் விலை கேட்கும்போது 'கான்ட்ராஸ்ட் மருந்து சேர்த்தா, தனியா' என்று கேளுங்கள். தனியென்றால் கடைசியில் ரசீது ஆயிரக்கணக்கில் ஏறும்.

அரசு வழி மிகவும் மலிவு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில், நாங்கள் விசாரித்தபோது, சி.டி. 500 ரூபாயிலிருந்து தொடங்கியது. எம்.ஆர்.ஐ. 2,500. கான்ட்ராஸ்ட் மருந்துக்குத் தனியாக ஆகலாம். வரிசையில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தனியார் மையத்தில் இரண்டு வாரம் பணம் புரட்டிக்கொண்டிருப்பதைவிட அரசு மையத்தில் சில நாள் காத்திருப்பது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் ஆபரேஷன் செய்வதாக இருந்தால் ஸ்கேனையும் அங்கேயே எடுத்துவிடுவது நல்லது. வெளியில் எடுத்துக்கொண்டு போனால் 'எங்கள் முறைப்படி இல்லை' என்று மறுபடி எடுக்கச் சொல்ல வாய்ப்பு உண்டு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலர் வழியாகப் பெற்ற வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போக வேண்டும். பயாப்ஸி முடிவுக்குக் காத்திருக்கும் அந்த ஒரு வாரத்திலேயே இதை முடித்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. இது ரொக்கமில்லாத் திட்டம். முன் அனுமதி வாங்கிய பிறகே செலவு செய்ய வேண்டும். அவசரப்பட்டுக் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு ரசீதைக் காட்டித் திரும்பக் கேட்டால் கிடைக்காது.

தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. வெளிநோயாளியாக எடுக்கும் ஸ்கேனுக்குப் பெரும்பாலும் தனியாகப் பணம் தர மாட்டார்கள். ஆனால் ஆபரேஷனுக்காக அனுமதிக்கப்பட்டால், அதற்கு முந்தைய 30 நாள் அல்லது 60 நாள் செலவைப் பல பாலிசிகள் ஏற்கின்றன. மருத்துவர் எழுதிய சீட்டும், மையத்தின் அசல் ரசீதும், ரிப்போர்ட் நகலும் மூன்றும் இருந்தால்தான் கொடுப்பார்கள். எங்கள் பாலிசியில் 30 நாள். அப்பாவின் வீண் ஸ்கேன் அந்த 30 நாளுக்கு ஒரு நாள் முந்தியதாகிக் கணக்கில் சேராமல் போனது.

5. ஸ்கேன் நாள்

நான்கு மணி நேரம் வெறும் வயிறு என்பார்கள். இரத்த அழுத்த மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களைச் சில மையங்கள் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்லும், சிறுநீரகம் நன்றாக இருந்தால் பல இடங்களில் நிறுத்தச் சொல்வதில்லை. நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். ஆஸ்துமா, தைராய்டு, முன்பு கான்ட்ராஸ்ட் போட்டபோது தடிப்பு அல்லது மூச்சுத்திணறல் வந்தது, இவற்றைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு லிட்டர் தண்ணீராவது குடிக்கவைப்பார்கள். கையில் ஊசிக் குழாய் போடுவார்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலவே தோன்றும். போயிருக்காது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் அப்பா வெட்கத்தில் கூனிக் குறுகி எழுந்து வந்தார்.

அடுத்தது மூச்சு. 'இழுத்துப் பிடியுங்கள்' என்றவுடன் பிடித்து, 'விடுங்கள்' என்றவுடன் விட வேண்டும். எங்களுக்குக் கிடைத்த இயந்திரம் பதிவு செய்த குரலில் இந்தியில் கட்டளையிட்டது. அப்பாவுக்கு இந்தி தெரியாது, வலது காதும் கொஞ்சம் மந்தம். முதல் சுற்றுப் படம் கலங்கிப்போனது. உள்ளே போகும் முன் தொழில்நுட்பரிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். முந்தின நாள் வீட்டில் பதினைந்து நொடி மூச்சடக்கிப் பழகிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

6. "சி.டி. வேண்டுமா?"

கவுன்ட்டரில் இப்படிக் கேட்டார்கள். "இப்போதுதானே எடுத்தோம்?" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டார். அவர் கேட்டது படங்களைப் பதிந்து தரும் குறுந்தட்டை. நம் மொழியில் ஸ்கேனும் சி.டி., தட்டும் சி.டி., போதாக்குறைக்கு ரிப்போர்ட்டில் வரும் நோய் நிலையும் சி.டி.தான். அந்த மூன்றாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தட்டு வேண்டும். கட்டாயம் வேண்டும். ஃபிலிமில் சில பத்துப் படங்களை மட்டும் பொறுக்கி அச்சிட்டிருப்பார்கள், தட்டில் நூற்றுக்கணக்கான வெட்டுகளும், அதாவது உடம்பைச் சீவல் சீவலாகக் காட்டும் படங்களும், இருக்கும். சர்ஜனோ இன்னொரு ரேடியாலஜிஸ்டோ மறுபடி பார்க்க வேண்டுமானால் தட்டுதான். மெல்லிய வெட்டுகளையும் சேர்த்துப் பதிந்து தரும்படி கேளுங்கள். ஐந்து மில்லிமீட்டர் வெட்டில் தெரியாதது ஒன்றரை மில்லிமீட்டர் வெட்டில் தெரியலாம். வீட்டுக்கு வந்ததும் ஒரு கணினியில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வெற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு திருச்சி வரை போன குடும்பத்தை நான் பார்த்தேன்.

7. ரிப்போர்ட்டில் உள்ள எழுத்துகள், அவற்றின் நம்பகம்

டி (T) என்பது கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது. டி1, டி2 என்றால் சுவருக்குள்ளேயே. டி3 என்றால் தசை அடுக்கைத் தாண்டி வெளிக்கொழுப்பு வரை. டி4 என்றால் வெளி உறையைத் துளைத்தது (T4a), அல்லது பக்கத்து உறுப்பில் நுழைந்தது (T4b). என் (N) என்பது நெறிக்கட்டிகள், அதாவது நிணநீர் முடிச்சுகள். ஒன்று முதல் மூன்று வரை என்1, நான்கும் அதற்கு மேலும் என்2. எம் (M) என்பது தொலைவிடத்துக்குப் பரவியது. டி1, டி2 மட்டும் என்றால் முதல் நிலை. டி3, டி4 ஆகி நெறியில் இல்லையென்றால் இரண்டாம் நிலை. நெறியில் இருந்தால் மூன்றாம் நிலை. எம் இருந்தால் நான்காம் நிலை.

இந்த எழுத்துகளுக்கு முன்னால் இருக்கும் குட்டி எழுத்தைப் பாருங்கள். 'சி' (c) என்றால் ஆபரேஷனுக்கு முன் பரிசோதனைகளை வைத்துச் சொன்ன மதிப்பீடு. 'பி' (p) என்றால் வெட்டி எடுத்த குடலை நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்ன முடிவு. சிடி3-யும் பிடி3-யும் ஒன்றல்ல. முன்னது பட்ஜெட், பின்னது தணிக்கை முடிந்த கணக்கு.

அப்பாவின் ரிப்போர்ட்: சிடி4பி (cT4b) என்று சந்தேகம், சிறுநீர்ப்பையோடு ஒட்டியிருக்கிறது, என்1, தொலைவில் எதுவும் இல்லை. இதன்படி மூன்றாம் நிலையின் கடைசிப் படி. அம்மா அடுப்பை மறந்தது இந்த வரியைக் கேட்டுத்தான்.

அந்த வரிக்கு எவ்வளவு மதிப்பு? பல ஆய்வுகளைச் சேர்த்து 2016-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின் கணக்கு இது. கட்டி உண்மையிலேயே சுவரைத் தாண்டிய 100 பேரில் 90 பேரை சி.டி. சரியாகப் பிடிக்கிறது. நல்லது. ஆனால் சுவருக்குள்ளேயே இருக்கும் 100 பேரில் 31 பேருக்குத் தாண்டிவிட்டதாகத் தவறாகச் சொல்கிறது. நெறிக்கட்டி விஷயம் இதைவிட மோசம். நெறியில் நோய் உள்ள 100 பேரில் 29 பேரைக் கோட்டைவிடுகிறது, நோய் இல்லாத 100 பேரில் 33 பேருக்கு இருப்பதாகச் சொல்லிவிடுகிறது. வங்கியில் இப்படி ஒரு கணக்கு வந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

காரணம் புரிந்தால் பயம் பாதி குறையும். சி.டி. படத்தில் குடல் சுவரின் அடுக்குகள் தனித்தனியாகத் தெரிவதில்லை. வெளிக்கொழுப்பில் கோடுகள் ஓடுகின்றனவா என்று பார்த்துத்தான் டி3 என்கிறார்கள். புற்று ஊடுருவினாலும் கோடு விழும், வெறும் அழற்சியாலும் விழும். நெறிக்கட்டியை அளவை வைத்துத்தான் பெரும்பாலும் எடைபோடுகிறார்கள். சாதாரணத் தொற்றில் வீங்கிய நெறி பெரிதாக இருக்கும், புற்று குடியேறிய நெறி நான்கு மில்லிமீட்டரில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். வயிற்றின் உள்ளுறையில் விதைபோல் தூவிய சிறு கட்டிகள் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் பல நேரம் படத்தில் தெரிவதே இல்லை. அப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கு அப்படித்தான். ஸ்கேன் சுத்தம் என்றது, வயிற்றைத் திறந்ததும் வேறு கதை.

இதற்காக ஸ்கேனே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லீரலிலும் நுரையீரலிலும் பெரிய அளவில் பரவியிருக்கிறதா என்ற கேள்விக்கு அது நல்ல பதில் தருகிறது. ஆபரேஷனுக்கு முன் தெரிந்தாக வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

ரிப்போர்ட்டில் கண்ணில் படக்கூடிய நான்கு சொற்றொடர்கள்:

'ஃபேட் ஸ்ட்ராண்டிங்': கொழுப்பில் கோடுகள். மேலே சொன்னதுதான், இரண்டு காரணத்தாலும் வரும்.

'லாஸ் ஆஃப் ஃபேட் பிளேன்': கட்டிக்கும் பக்கத்து உறுப்புக்கும் இடையில் கொழுப்பு இடைவெளி தெரியவில்லை. ஒட்டியிருக்கலாம் என்று பொருள், நுழைந்துவிட்டது என்று பொருள் அல்ல.

'சப்சென்டிமெட்ரிக் நோட்ஸ்': ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான நெறிகள். இதைப் பார்த்து நிம்மதியும் வேண்டாம், அலறலும் வேண்டாம்.

'இன்டிடெர்மினேட்': இன்னதென்று சொல்ல முடியவில்லை. கல்லீரலில் இப்படி ஒரு புள்ளி இருந்தால் அது நீர்க்கட்டியாகவோ இரத்தநாளக் கட்டியாகவோகூட இருக்கலாம். கல்லீரல் எம்.ஆர்.ஐ. எடுத்தால் பெரும்பாலும் தெளிவாகும். நுரையீரலில் சில மில்லிமீட்டர் புள்ளி என்றால், சில மாதம் கழித்து மறுபடி படம் எடுத்து வளர்கிறதா என்று பார்ப்பதே வழக்கம்.

8. பெட் ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை

உறவினர் கூட்டத்தில் ஒருவராவது "பெட் ஸ்கேன் எடுத்துவிடுங்கள், உடம்பு முழுக்கத் தெரிந்துவிடும்" என்பார். எங்கள் வீட்டில் சித்தப்பா. கதிரியக்கம் கலந்த சர்க்கரை மருந்தை ஏற்றி, அதை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரவைத்துக் காட்டும் ஸ்கேன் அது. அதற்கு 18,000 கேட்டார்கள். சர்ஜன் வேண்டாம் என்றார். பெருங்குடல் புற்றில் பெட் ஸ்கேன் வழக்கமான முதல் பரிசோதனை அல்ல. சி.டி.யில் சந்தேகம் வந்து அது தீராதபோதும், பரவிய கட்டியை வெட்டி எடுக்கலாமா என்று முடிவெடுக்கும்போதும் அது உதவும்.

சில மில்லிமீட்டர் நெறியைப் பெட்டும் பிடிக்காது. சளி போன்ற திரவம் நிறைந்த கட்டி வகை அதில் மங்கலாகத்தான் தெரியும். காசநோய் நெறி, புற்று நெறியைப் போலவே ஒளிரும். மெட்ஃபார்மின் சாப்பிடுபவரின் குடல் முழுதும் ஒளிரும், அதில் கட்டியைத் தேடுவது தீபாவளி இரவில் மின்மினியைத் தேடுவது போல. அப்படியும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் இரண்டு கேளுங்கள்: மெட்ஃபார்மினை எப்போது நிறுத்துவது, அதோடு எடுக்கும் சி.டி. கான்ட்ராஸ்டுடன் கூடியதா. கான்ட்ராஸ்ட் இல்லாத வகை என்றால் சி.டி.யைத் தனியாக மறுபடி எடுக்க நேரும்.

9. சர்ஜனைப் பார்க்கும்போது

ஸ்கேன் எடுத்து நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் ஆபரேஷன் என்றால் பொதுவாக அதையே ஏற்பார்கள். தள்ளிப்போனால் மறுபடி கேட்கலாம். ஆகவே ஸ்கேனை எடுத்துவிட்டு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எங்களிடம் ஒரு மருத்துவர் முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன் என்றார். இன்னொருவர் நேராக ஆபரேஷன் என்றார். இருவரும் ஊகத்தில் பேசவில்லை. பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் நாடுகளில் 1,053 பேரை வைத்து நடந்த ஃபாக்ஸ்ட்ராட் ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. ஆபரேஷனுக்கு முன் ஆறு வாரம் கீமோ கொடுத்தவர்களில், நோய் எஞ்சியது அல்லது இரண்டு ஆண்டுக்குள் திரும்பியது 16.9 சதவீதம், நேராக ஆபரேஷன் செய்தவர்களில் 21.5 சதவீதம். ஆனால் யாருக்கு முதலில் கீமோ என்று தேர்ந்தெடுப்பது இதே சி.டி.யை வைத்துத்தான். அது டி2-வை டி3 என்று சொல்லியிருந்தால், தேவையில்லாதவருக்கும் கீமோ போகும். எனவே முதலில் கீமோ என்று சொன்னால் இந்த மூன்றையும் கேளுங்கள்: குடல் சிறப்பு ரேடியாலஜிஸ்ட் ஒருவர் தட்டை மறுபடி பார்த்தாரா? பயாப்ஸியில் எம்.எம்.ஆர். பரிசோதனை (கட்டியின் செல்கள் மரபணுப் பிழைகளைத் திருத்துகின்றனவா என்று பார்ப்பது) செய்தாயிற்றா? அதில் குறைபாடு உள்ள கட்டிகள் இந்தக் கீமோவுக்கு அவ்வளவாக மசிவதில்லை. ட்யூமர் போர்டில், அதாவது சர்ஜன், கீமோ மருத்துவர், ரேடியாலஜிஸ்ட் கூடிப் பேசும் கூட்டத்தில், இந்த வழக்கை வைத்தார்களா?

அப்பாவுக்குக் குடல் குறுகியிருந்ததால் அடைத்துக்கொள்ளும் ஆபத்தை எண்ணி, நேராக ஆபரேஷன் என்று அந்தக் கூட்டம் முடிவு செய்தது. சிறுநீர்ப்பையில் ஒட்டியிருக்கலாம் என்று ஸ்கேன் சொன்னதால் சிறுநீரக சர்ஜனும் தயாராக வந்து நின்றார்.

10. பிறகு வரும் ரிப்போர்ட்

உள்ளே கட்டி சிறுநீர்ப்பையோடு ஒட்டித்தான் இருந்தது. இது புற்றா அழற்சியா என்று கையால் பிரித்துப் பார்க்கக் கூடாதாம், புற்றாக இருந்தால் சிதறிவிடும். அதனால் சிறுநீர்ப்பையின் ஒரு துண்டையும் சேர்த்தே வெட்டி எடுத்தார்கள். அப்பா பத்து நாள் சிறுநீர்க் குழாயோடு இருந்தார். வெட்டி எடுத்ததன் பயாப்ஸி ரிப்போர்ட் ஒன்பதாம் நாள் வந்தது. சிறுநீர்ப்பைத் துண்டில் புற்று இல்லை, வெறும் அழற்சி. பிடி3. நெறிக்கட்டி 19 எடுத்துப் பார்த்ததில் 19-லும் இல்லை. மூன்றாம் நிலையின் கடைசிப் படியிலிருந்து இரண்டாம் நிலையின் முதல் படிக்கு வந்துவிட்டார். அப்பா அந்த முப்பத்து மூன்று பேரில் ஒருவர். கீமோ வேண்டாம் என்று முடிவானது.

உங்கள் ரிப்போர்ட் வந்ததும் முதலில் எத்தனை நெறிக்கட்டி பார்த்தார்கள் என்று எண்ணுங்கள். குறைந்தது 12 இருக்க வேண்டும். குறைவாக இருந்தால், எடுத்த குடலில் மறுபடி தேட முடியுமா என்று கேட்கலாம். குறைவான எண்ணிக்கையே கீமோ பற்றிய முடிவை மாற்றக்கூடும். இரண்டாம் நிலையாக இருந்தாலும் பிடி4, குடல் அடைப்பு, ஓட்டை போன்றவை இருந்தால் கீமோ பற்றிப் பேசுவார்கள்.

பழைய ஸ்கேன் தட்டை எறிந்துவிடாதீர்கள். இனி வரும் ஒவ்வொரு ஸ்கேனையும் அதோடுதான் ஒப்பிடப் போகிறார்கள். நுரையீரலில் அப்போதே இருந்த பழைய தழும்பை, அடுத்த வருடம் புதிதாக வந்த புள்ளி என்று ஒருவர் எழுதிவிடாமல் காப்பாற்றுவது அந்தத் தட்டுதான். எங்களுடையது பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு, இரண்டு நகலாக இருக்கிறது. அப்பாவின் மீதிக் குடலுக்கான கொலோனோஸ்கோப்பி அடுத்த மாதம் 14-ஆம் தேதி.